சவுரி வேண்டாம் என்ற மகளுக்கு

அன்புள்ள சுமதிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சரியில்லை, ஆனால் வாய் நன்றாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, மணவறைல சவுரி வெக்காம உக்காந்தா உனக்குக் கஷ்டமா இருக்குமா?" என்றாய். நான் "சாப்ட்டியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். நீயும் அதற்குமேல் கிளறவில்லை. எனக்கு யோசிக்க நேரம் கொடுத்தாய் என்று அப்புறம்தான் புரிந்தது. யோசித்துவிட்டேன். பதிலைப் போனில் சொன்னால் பாதியில் நீ "வார்டுக்கு டைம் ஆச்சும்மா" என்பாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, நான் அழுதாலும் உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இத்தனை வருடம் சும்மா இருந்த புழுவெட்டு, இப்போது பார்த்து உன் பின்னந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியை உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. நீயே அந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவள், அதையே ஆராய்ச்சி செய்கிறவள். உன்னிடமே வந்திருக்கிறதே, அதற்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்! நீ உடனே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாய். அவரும் அதனால் என்ன என்று சொல்லிவிட்டார். ஆனால் சேத்துப்பட்டில் அவருடைய அம்மாவுக்கும் இங்கே உன் அத்தைக்கும் ஒரே பேச்சு. மண்டபத்தில் மட்டுமாவது சவுரி வைத்து, இடுப்புக்குக் கீழே தொங்கும்படி பின்னி, ஜடை அலங்காரம் செய்து மறைத்துவிட வேண்டுமாம். அத்தை சவுரியை வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் நீ போன் செய்த அன்று நானும் அவர்கள் கட்சிதான்.

கட்சி மாறியது எப்படி என்று சொல்ல வேண்டுமானால், அது உனக்கு முதன்முதலில் வந்த வருடத்துக்குப் போக வேண்டும். நீ அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம், ரெட்டைப் பின்னல் போட வகிடு எடுக்கிறேன், காதுக்கு மேலே காசு அகலத்தில் வழவழவென்று தோல் தெரிகிறது. ஒரு முடிகூட இல்லை. நான் ரிப்பனை இழுத்துக் கட்டி அனுப்பிவிட்டேன். பத்து நாளில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நீ கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தடவித் தடவிப் பார்ப்பாய். என்னிடம் எதுவும் கேட்க மாட்டாய்.

மற்ற ஊர்க்காரர்களுக்குப் புழுவெட்டு என்றால் வெறும் ஒரு சொல். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆரணியில் புழு என்ற சொல்லை அப்படிச் சும்மா விட முடியுமா? நாம் கட்டுவது, தின்பது, நல்லது கெட்டது எல்லாமே ஒரு புழு கக்கிய நூலால் ஆனது. உன் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "புழுவ உயிரோட வெந்நீர்ல போட்டுக் கொன்னு நூலு எடுக்கற பொழப்பு நம்மளுது. அந்தப் பாவந்தான் பொண்ணு தலைல எறங்கிகீது. புழு வந்து வெட்டிகினு போவுது பாரு" என்றாள். கூடத்தில் தறியில் இருந்த உன் அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உன் அப்பா அன்றுவரை ஒரு பட்டுப்புழுவைக்கூட நேரில் பார்த்தவர் இல்லை. கூடு வளர்ப்பதும் வேகவைப்பதும் பெங்களூர்ப் பக்கம். நம் வீட்டுக்கு வருவது சாயம் போட்ட நூல். ஆனாலும் மனிதர் தறிக்குழியிலிருந்து எழுந்தவர் எழுந்தவர்தான். அரக்குச் சிவப்பில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, "இன்னாங்க, கல்யாண ஆர்டரு, ஜல்தியா முடிச்சிக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போகிறார். இவர் வாசலில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார். நான் கெஞ்சினேன், திட்டினேன். "எம்பொண்ணு தலையக் கெடுத்துட்டு எவன் பொண்ணுக்கோ பொடவ நெய்யணுமா?" என்றார். அடுப்பு எரிய வேண்டுமே என்று நான் அடுத்த தெருவுக்குத் தார் சுற்றப் போனேன். ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக்கொண்டே, மனதுக்குள் உன் அத்தையை நான் சுற்றிய சுற்று அவளுக்குத் தெரியாது.

பிறகு ஆசாரியிடம் போனார். படவேட்டு அம்மனுக்குக் கண் நோய் என்றால் வெள்ளியில் கண் செய்து போடுவார்கள் இல்லையா, அதுபோல ஒரு வெள்ளிப் புழு செய்து உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டாராம். ஆசாரி, "பட்டுப்புழு எப்டிங்க இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பாவுக்கும் தெரியாது. கடைசியில் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைப் பார்த்து ஒன்று செய்து கொடுத்தார். உடம்பெல்லாம் முள்முள்ளாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதான் முதலில் சிரித்தாய். "அப்பா, இதப் பாத்தா அம்மனே பயந்துரும்" என்றாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்கு இன்றைக்கும் உனக்கு நன்றி சொல்கிறேன்.

அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்லை. உன் அத்தை யாரோ சொன்னார்கள் என்று சேராங்கொட்டையைக் கொண்டுவந்தாள். வண்ணார்கள் துணியில் குறி போடும் கொட்டை. அதன் பாலைத் தொட்டுக் காதுக்குப் பின்னால் இருந்த வழுக்கையில் வைத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அன்று சாயங்காலமே கொப்புளம் கிளம்பி, மறுநாள் வெந்த புண்ணாகி, நீ தலையணையில் தலை வைக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாய். அத்தை உன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவள் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்த அழுகையைப் பார்த்ததும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. யாரையும் கேட்காமல் உன்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும் நேரத்தில் உன் அப்பா ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

அந்தத் தோல் டாக்டரம்மாவை எனக்கு இன்னும் கண்முன்னால் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தாட்டியான உடம்பு, காட்டன் புடவை, பேச்சில் கொஞ்சம் தெலுங்கு வாடை. உன் அப்பா போனதும் போகாததுமாக, "டாக்டரம்மா, புழு எங்க கீதுன்னு மட்டும் காட்டுங்க" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து இவர் கையிலேயே கொடுத்தார். "நீங்களே தேடுங்க" என்றார். உன் அப்பா உன் தலையில் குனிந்து, ஒவ்வொரு வழுக்கையாக, இழை தேடுகிற மாதிரி தேடினார். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். அந்த அம்மா அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் இவர் நிமிர்ந்து, "ஒன்னும் இல்லீங்களே" என்றார். "இல்லீங்க. எப்பவும் இருந்ததும் இல்லீங்க. நம்ம உடம்புல நோயோட சண்ட போடறதுக்கு ஒரு படை இருக்கு. அது தப்பா நெனச்சிகினு முடியோட வேரப் போய் அடிக்குது, அவ்ளோதான்" என்றார் அந்த அம்மா.

அப்போது நீ கேட்டாய்: "ஏன் டாக்டர் தப்பா நெனைக்குது?" அவர் உன்னைப் பார்த்து, "தெரியலையேம்மா. யாருக்குமே இன்னும் முழுசா தெரியல" என்றார். எனக்குத் திக்கென்றது. டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. ஆனால் உன் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் இடித்து, "அவங்களுக்கே தெரியலையாம்மா!" என்று என்னவோ பரிசு கிடைத்த மாதிரி சொன்னாய். இந்தப் பெண் ஏன் இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. புழுவெட்டு முடியைத்தான் உதிர்க்கும், வேரைக் கொல்லாது, வேர் உள்ளே உயிரோடு இருக்கும், முளைக்க வைக்கப் பார்க்கலாம். ஆனால் சேராங்கொட்டை வெந்த இடத்தில் வேரே போய்விட்டது, அங்கே தழும்புதான், அதில் இனி முடி வராது என்றார். நோய் விட்டுவைத்ததை நம் வைத்தியம் எடுத்துக்கொண்டது. இன்று உன்னிடம் வருகிற தாய்மாரும் எதையெதையோ தடவிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களை முதலில் அதட்டாதே சுமதி. என்ன தடவினார்கள் என்று கேள், ஏன் தடவினார்கள் என்றும் கேள். அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் உன் அப்பா மறுபடி வேலூருக்கு வந்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்தும் அவர் தறியில் இறங்கவில்லை. புழு இல்லை என்று கண்ணால் பார்த்தாயிற்று, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அன்றைக்கு நீ செய்த காரியம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையை வீசிவிட்டு, யூனிஃபார்மோடு தறிக்குழியில் இறங்கி மிதிப்பலகையைத் தடதடவென்று மிதித்தாய். வாசலில் இருந்தவர் பாய்ந்து வந்தார். "ஏய், ஏறுடி மேல! பாவு அறுந்துரும்! சரியான பேஜாரு புடிச்சதா கீதே!" என்று கத்தினார். நீ அசையவில்லை. "கண்ணாடி வெச்சி நீதானப்பா தேடுன? புழு இருந்துச்சா? அப்ப நீ உக்காரு, இல்லாங்காட்டி நான் நெய்யறேன்" என்றாய். உன்னை இழுத்துப் போட்டுவிட்டு அவர் இறங்கினார். அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே நெய்தார். இருட்டுவதற்குள் அரைமுழம் ஏறியிருந்தது. நான் அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எங்கள் குடும்பத்தை மறுபடி நடத்திவைத்தவள் நீ. இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் மாதாமாதம் வேலூர், தலையில் சின்னச் சின்ன ஊசி. நீ என் விரலை நசுக்குவாயே தவிர அழ மாட்டாய். ஒருநாள் தலை துவட்டும்போது வழுக்கையில் பஞ்சுபோல ஏதோ தெரிந்தது. முடிதான், ஆனால் வெள்ளை வெளேரென்று! "ஐயோ, கெழவி முடி" என்று நான் அலறினேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் நூலு வந்துருச்சு. சாயம் அப்பறமா ஏறும், கம்முனு இரு" என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது, தானே டாக்டர் என்கிற மாதிரி ஒரு வாரம் தெருவில் நடந்துகொண்டார்.

நீ டாக்டருக்குப் படித்தபோது ஊரே கொண்டாடியது. அதற்குமேல் தோல் வைத்தியத்துக்குப் போய், முடி கொட்டுவதையும் தழும்பையும் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றதும் பல பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதய டாக்டரு, மூள டாக்டருன்னு படிக்காம, போயும் போயும் மயிரு ஆராய்ச்சியா?" என்று ஒரு சொந்தக்காரர் நம் வீட்டிலேயே காபியைக் குடித்துக்கொண்டு கேட்டார். "அழகு பாக்கறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி, அதுக்கு ஒரு ஆராய்ச்சி" என்றார். உன் அப்பாதான் நிதானமாக, "பட்டுப்பொடவ கட்டாததால எவளாச்சும் செத்துகிறாளா? சொல்லுங்க. ஆனா ஆரணி முழுக்க அதுலதான் சோறு துன்னுது. அழகுன்னா உங்களுக்கு அவ்ளோ எளக்காரமா?" என்றார். மனிதர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். உன் அப்பா வாழ்நாளில் பேசிய பேச்சிலேயே அதுதான் எனக்குப் பிடித்த பேச்சு.

உன் ஆராய்ச்சியும் எனக்கு லேசில் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலையில் பாதிக்கு மட்டும் மருந்து போட்டு, மறுபாதியை அப்படியே விடுவோம் என்று நீ சொன்னதும், "அடிப்பாவி, விட்ட பாதி இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். தானாகவும் சில பேருக்கு முளைத்துவிடும், இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முளைத்தது மருந்தாலா, இல்லை தானாகவா என்று தெரியும், மருந்துதான் என்று தெரிந்தால் மறுபாதிக்கும் போடுவோம் என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் வீட்டில் யாராவது இப்படி ஒரு நிமிடம் பொறுத்துச் சரிபார்த்திருந்தால் உன் காதுக்குப் பின்னால் அந்தத் தழும்பு இருந்திருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நீ எப்போதும் கூச்சப்படாதே. கல்யாணத்துக்குப் பிறகும் இதையே செய். மாப்பிள்ளையிடம் புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டாதே. நான் பல வருடம் ஆட்டினேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போன புதன்கிழமை சேவூரிலிருந்து ஒரு பெண்பிள்ளை என்னைத் தேடி வந்தாள். காமாட்சி என்று பெயர், விசைத்தறியில் வேலை. அவள் மகளுக்குத் தலையில் முக்கால்வாசி போய்விட்டதாம். பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடம் நின்று, வீட்டுக்குள்ளேயே துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "உங்க பொண்ணு இதுக்குத்தான் டாக்டராமே, ஒருவாட்டி கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள். நான் அவளோடு அப்போதே டவுன் பஸ் ஏறினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னென்னவோ சொன்னேன், அவள் தலைத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினாள். கடைசியில், "எம்பொண்ணுக்கும் இருந்துச்சும்மா. இப்ப மறுபடி வந்துகீது" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், இத்தனை வருடத்தில் வெளி ஆளிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அவள் தலை நிமிர்ந்தது. "டாக்டருக்கேவா?" என்றாள். "ஆமாம்." "கல்யாணம்னு சொன்னாங்களே, அன்னிக்கி எப்டி ஆன்ட்டி?" என்றாள். நீ கேட்ட அதே கேள்வி. உன்னிடம் பேச்சை மாற்றியதுபோல அவளிடம் என்னால் மாற்ற முடியவில்லை. "அப்டியேதான் உக்காரப் போறா" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சேத்துப்பட்டுக்குப் போன் செய்தேன். "சம்பந்தி, எம்பொண்ணு சவுரி வெச்சிக்க மாட்டாளுங்க. அவ வெச்சிகினா, அவகிட்ட வர்ற பொண்ணுங்களுக்கு அவளால ஒரு வார்த்த தைரியம் சொல்ல முடியாது" என்றேன். அப்புறம் அந்த அம்மா, "பூவாச்சும் வெக்கலாமுங்களா?" என்றார். "தாராளமா வெக்கலாமுங்க. இருக்கற முடியில வெக்கலாம்" என்றேன். இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தோம். நல்ல மனுஷி சுமதி, நீ கொடுத்துவைத்தவள்தான். உன் அத்தை மட்டும் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள், சவுரியைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானாம்.

நீ கேட்டாய், எனக்குக் கஷ்டமாக இருக்குமா என்று. இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். நீ பிறந்த நாளிலிருந்து உன் ஜடையில் தாழம்பூ தைத்து மணவறையில் பார்க்க ஆசைப்பட்டவள் நான். அட்சதை போடுகிற கை ஒவ்வொன்றும் உன் தலையைப் பார்க்கும், காதோடு காதாகப் பேசும். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வைக்காதே. எங்களுக்குப் பெண்ணாகப் பிறந்து, எங்களுடைய பயத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாய். இதையும் பிடுங்கிவிட்டாய். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

ஒரே ஒரு வேலை மட்டும் எனக்காகச் செய். மாலை மாற்றியதும் இரண்டு பேரும் எழுந்து மணவறையைச் சுற்றி வருவீர்கள் அல்லவா, அப்போது அவசரமாக நடக்காதே. பின்னந்தலையைப் பூவால் மூடச் சொல்லி யார் வந்து நின்றாலும் கேட்காதே, மெதுவாகவே சுற்று. காமாட்சி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள், மகளையும் எப்படியாவது அழைத்துவருகிறாளாம். அவர்களுக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு உன் தலை நன்றாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா